சென்னையின் மேற்கில் ஆங்கிலப் பிரதிப்பெயர்

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் பழைய வேற்றுமை வடிவங்களை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்டன. ‘பாய்’ என்ற சொல் எழுவாயாக நின்றாலும் செயப்படுபொருளாக நின்றாலும் ஒரே வடிவம்தான். உடைமைக்கு மட்டும் ஓர் ‘எஸ்’ சேரும். பிரதிப்பெயர்கள் அப்படி மாறவில்லை. ‘ஐ’ செயப்படுபொருளானால் ‘மீ’, ‘ஹி’ ஆனால் ‘ஹிம்’, ‘வி’ ஆனால் ‘அஸ்’, ‘தே’ ஆனால் ‘தெம்’. சரியான பிரதிப்பெயரைத் தேர்ந்தெடுப்பது ஆங்கில இலக்கணத்தில் ஒரு தனிப் பாடமானதற்கு இதுவே காரணம். பாசறை வழியாகவும் பள்ளி வழியாகவும் தொழிற்சாலை வழியாகவும் அந்தப் பாடம் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் நிறைவான பிரதிப்பெயர் அமைப்பு கொண்ட ஒரு மொழி ஏற்கெனவே இருந்தது. பாடநூல்கள் அதைக் கணக்கில் எடுத்தது மிகக் குறைவு.

ஆங்கிலப் பிரதிப்பெயர்கள் ஒரே காலத்தில், ஒரே வேரில் பிறந்தவை அல்ல. ‘தே’, ‘தெம்’, ‘தெயர்’ மூன்றும் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சிலிருந்து வந்தவை. ‘ஹிம்’ முதலில் நான்காம் வேற்றுமை வடிவம். பிறகுதான் இரண்டாம் வேற்றுமையின் வேலையையும் ஏற்றது. ‘இட்ஸ்’ மிகவும் இளையது. 1611-இல் அச்சான ஜேம்ஸ் அரசர் விவிலியத்தின் முதல் பதிப்பில் அது இடம்பெறவே இல்லை. முன்னிலையில் ஒருமைக்கு ‘தவ்’, பன்மை எழுவாய்க்கு ‘யீ’, பன்மைச் செயப்படுபொருளுக்கு ‘யூ’ என இருந்தன. பெரியவர்களை மரியாதையாகப் பன்மையில் அழைக்கும் வழக்கம் பரவியபோது ‘தவ்’ தேய்ந்தது. ‘யூ’ தன் எல்லையை மீறி எழுவாயின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இன்று பிழையற்ற ஆங்கிலத்துக்கு அடையாளமாக நிற்கும் ‘யூ ஆர்’ என்ற தொடர், பழைய இலக்கணப்படி பார்த்தால் ஒரு வேற்றுமைப் பிழை.

தமிழில் பெயர்ச்சொல், பிரதிப்பெயர் இரண்டுமே வேற்றுமை உருபுகளை ஏற்கும். பிரதிப்பெயர் உருபை ஏற்கும்போது அதன் அடிச்சொல்லும் மாறும்: நான் என்பது என்னை, எனக்கு, என்னால், நீ என்பது உன்னை, உனக்கு, தான் என்பது தன்னை, தனக்கு. தொல்காப்பியம் தன்மைக்கு யான், யாம், நாம் என்பவற்றையும் முன்னிலைக்கு நீ, நீயிர் என்பவற்றையும் கூறும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ‘நான்’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. ‘கள்’ விகுதி ஏறிய நாங்கள், நீங்கள், அவர்கள் எல்லாம் வழக்கில் வளர்ந்தவை. ஒருவரைப் பன்மையால் குறிப்பதையும் தொல்காப்பியம் எடுத்துப் பேசுகிறது. அது உலக வழக்கில் உயர்வு கருதிச் சொல்லப்படுவது, இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று என்பது அதன் கருத்து. வழக்கை வழக்கு என்றும் விதியை விதி என்றும் பிரித்துச் சொல்லிவிட்டு இரண்டுக்கும் இடம் தந்த அந்தத் தெளிவு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கணிகள் பலரிடம் இல்லை.

இந்த அமைப்பை முதலில் பாடமாகப் படிக்க வேண்டியிருந்தவர்கள் ஐரோப்பியர்களே. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. 1812-இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகள் தமிழ் படித்தார்கள். நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் யாரிடம் எதைச் சொல்வது என்பதை ‘யூ’ ஒன்றையே அறிந்தவர் பழகித்தான் கற்க வேண்டும். நாம், நாங்கள் இரண்டின் வேறுபாடு அதைவிடக் கடினம். 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பிரதிப்பெயர்களுக்கு நீண்ட பகுதி ஒன்றை ஒதுக்கியது. திராவிட மொழிகளின் உறவை நிறுவ அவர் எடுத்துக்கொண்ட வலுவான சான்றுகளில் அவையும் அடங்கும். கேட்பவரையும் உட்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற பிரிவு சமஸ்கிருதத்தில் இல்லை என்பதையும் அவர் கவனித்தார்.

ஆங்கிலம் எதிர்த் திசையில் வந்தது. 1789-இல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளியை ஆண்ட்ரூ பெல் நடத்தினார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் வகுத்தார். ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்ற அது இங்கிலாந்துக்குப் போய், 1811-க்குப் பின் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் பள்ளிகளிலும் நுழைந்தது. எழும்பூரை ஒட்டி மேற்கே போகும் நெடுஞ்சாலையில் உள்ள பூந்தமல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சிப்பாய்களின் பாசறை இருந்த ஊர். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையும் அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. பாசறையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாயின் பேச்சில் ‘மீ’ எழுவாயாகவும் வரும். அது இங்கிலாந்தின் வட்டார வழக்கு. பள்ளிப் புத்தகத்து ஆங்கிலம் வேறு.

அந்தப் புத்தக ஆங்கிலத்தை வகுத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். 1762-இல் ராபர்ட் லவுத்தும் 1795-இல் லிண்ட்லி மர்ரேயும் வெளியிட்ட இலக்கணங்கள் லத்தீனை அளவுகோலாகக் கொண்டு ஆங்கிலத்தைத் திருத்தின. ‘இட் இஸ் ஐ’ என்பதே சரி, ‘இட் இஸ் மீ’ பிழை என்ற விதி அந்த மரபில் உறுதிப்பட்டது. அதே காலத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மொழியை வழக்கே தீர்மானிக்க வேண்டும் என்று வாதிட்டார். பள்ளிக்கூடங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பின் மெட்ரிகுலேஷன் தேர்வே உத்தியோகத்துக்கு வாசல் ஆயிற்று. ஒரு வாக்கியத்தைத் தந்து ஒவ்வொரு சொல்லுக்கும் பால், எண், இடம், வேற்றுமை எழுதச் சொல்லும் ‘பார்சிங்’ பயிற்சி வகுப்பறைகளை ஆண்டது. நெஸ்ஃபீல்டின் இலக்கணமும், 1930-களில் வந்த ரென்–மார்ட்டின் புத்தகமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. ரென்–மார்ட்டின் முதலில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு எழுந்த ஐயங்களுக்கே அதில் விடை இருந்தது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு எழும் ஐயங்கள் வேறு.

சுதந்திரத்துக்குப் பின் இந்த வட்டாரம் அடியோடு மாறியது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1959-இல் டன்லப், 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என வரிசையாக வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே படைக்கலக் கிடங்கு இருந்த ஆவடியில் இந்தி, தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்களும் சேர்ந்தன. கடைநிலைத் தொழிலாளியின் பிள்ளையும் ஆங்கிலம் படிக்க வேண்டிய காலம் பிறந்தது. சென்னை மாநிலம் அப்போது மேற்கொண்ட முயற்சி உலக அளவில் ஆங்கில ஆசிரியர்களின் கவனத்தை ஈர்த்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு 1959 வாக்கில் தொடங்கிய அந்த இயக்கத்துக்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர். சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்குத் தந்து, அப்படியே உருண்டு பெருகி, ஆங்கிலத் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் 27,000 பேரை எட்டுவது நோக்கம். இலக்கண விதியை ஒப்புவிப்பதற்குப் பதிலாக வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே அதன் முறை.

அந்த முறையில் பிரதிப்பெயர் விரல் நுனியில் நின்றது. ஆசிரியர் பையனைக் காட்டி ‘ஹி’ என்பார், பெண்ணைக் காட்டி ‘ஷி’ என்பார், மேசையைக் காட்டி ‘இட்’ என்பார். வகுப்பு சேர்ந்து சொல்லும். அவன், அவள், அது என்று பிரித்தே வளர்ந்த பிள்ளைக்கு இதில் தடுமாற ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்பவனையும் தொலைவில் நிற்பவனையும் ஒரே ‘ஹி’ குறிப்பதுதான் புதிது. தமிழில் இவன் வேறு, அவன் வேறு. பிள்ளை வாய்ப்பாடு போலச் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கத் தொடங்கியதும் தமிழ் உள்ளே வந்தது.

முதலில் வருவது எழுவாய் விடுபடுதல். ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் ‘நான்’ அடங்கிக் கிடக்கிறது. வினையின் ஈறு இடத்தையும் எண்ணையும் காட்டிவிடுவதால் பிரதிப்பெயரை விட்டாலும் பொருள் குறையாது. ஆங்கில வினைக்கு அந்தத் திறன் கிடையாது. அதனால் ‘ஐ’ கட்டாயம். மழை பெய்கிறது என்பதற்குக் கூட, எதையும் குறிக்காத ஓர் ‘இட்’ எழுவாய் இடத்தில் வந்து உட்கார வேண்டும். தமிழில் எழுவாய் மழைதான், அது பெய்கிறது. ஆங்கிலத்தில் வெற்று எழுவாய் ஒன்று தேவைப்படுகிறது. இதை விளக்காமல் ‘எழுவாயை மறந்துவிட்டாய்’ என்று சிவப்பு மையால் சுழித்தால், பிள்ளை மறதியைத்தான் திருத்தப் பார்க்கும்.

இரண்டாவது, ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குக் காய்ச்சல். உடலிலும் மனத்திலும் தானே நிகழ்பவற்றைத் தமிழ் நான்காம் வேற்றுமையில் சொல்லும். செய்பவனுக்கு எழுவாய், உணர்பவனுக்குக் ‘கு’ உருபு. ஆங்கிலம் இரண்டையும் ‘ஐ’ என்றே சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் தமிழைப் போன்ற பாகுபாடு இருந்தது. ஷேக்ஸ்பியர் காலம் வரை வழங்கிய ‘மீதிங்க்ஸ்’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதே. அந்த ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், இரு மொழிகளும் எங்கே ஒன்றாக நின்று எங்கே பிரிந்தன என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

மூன்றாவது மரியாதை. ஆசிரியரை ‘அவன்’ என்று சொல்ல நா எழாது. ‘ஹி’ என்று சொல்லவும் தொடக்கத்தில் கூச்சம். ‘அவர்’ பன்மை வடிவம் என்பதால் சிலர் ‘தே’ என்று எழுதிவிடுவார்கள். அலுவலகத்தில் வேறு வழி பிறந்தது. ‘சார் வந்துட்டாரா’ என்று கேட்டுப் பழகிய வாய், ஆங்கிலத்திலும் பிரதிப்பெயரைத் தவிர்த்து ‘ஹேஸ் சார் கம்’ என்கிறது. எதிரில் இருப்பவரிடமே ‘மேடம் ஷுட் டிசைட்’ என்பதும் உண்டு. ‘யூ’ ஒரு காலத்தில் மரியாதைப் பன்மையாகவே பரவியது என்பது தெரிந்தால் இந்தக் கூச்சத்துக்கு அவசியம் இருக்காது.

‘வி’ தரும் சிக்கல் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் தெளிவாகத் தெரியும். சனிக்கிழமை வேலை செய்வோம் என்ற பொருளில் ‘வி ஷேல் வொர்க்’ என்று நிர்வாகம் எழுதி ஒட்டினால், படிப்பவரும் அதில் அடக்கமா என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. தமிழில் எழுதுபவர் அந்த இடத்தில் தப்ப முடியாது. ‘நாம்’ என்றால் தொழிலாளியும் வர வேண்டும், ‘நாங்கள்’ என்றால் வர வேண்டியதில்லை. தமிழ் அறிந்தவர் இந்த ஐயத்தை உடனே உணர்வார். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் அதைக் கவனிக்காமலே போகலாம். ‘தான்’ தரும் தெளிவும் இப்படிப்பட்டதே. ராணி கமலாவிடம் தன் பையைக் கொடுத்தாள் என்றால் பை யாருடையது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலத்தின் ‘ஹெர் பேக்’ இருவரில் யாருடையதாகவும் இருக்கலாம்.

‘ஹூ’, ‘ஹூம்’ விஷயம் வேறு வகை. ‘நேற்று வந்த பையன்’ என்பதில் பிரதிப்பெயரே இல்லை; பெயரெச்சம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே இணைப்புப் பிரதிப்பெயரைத் தமிழ்ப் பிள்ளை புதிதாகவே கற்க வேண்டும். ‘ஹூம்’ வந்த பிறகும் வாக்கியக் கடைசியில் ஒரு ‘ஹிம்’ சேர்த்துவிடுவது இதனால்தான். ஆங்கிலேயர்களே பேச்சில் ‘ஹூம்’ என்பதை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டதால், இதற்காக மாணவனை வாட்டுவது வீண்.

2000-க்குப் பின் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மென்பொருள் அலுவலகங்கள் எழுந்தன. நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர் ‘மைசெல்ஃப் குமார்’ என்று தொடங்குவது பயிற்சியாளர்கள் முதலில் திருத்தும் பிழையாயிற்று. இது தமிழிலிருந்து வந்தது அல்ல, இந்தியா முழுவதும் உண்டு. ‘மீ’ என்றதற்குத் திட்டு வாங்கியவர், ‘ஐ’யா ‘மீ’யா என்று தயங்கும் இடத்தில் பாதுகாப்பாகத் தோன்றும் மூன்றாவது சொல்லுக்கு ஒதுங்குகிறார். ஆங்கிலேயர் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று தவறுவதற்கும் இதே அச்சம்தான் வேர். முன்னிடைச் சொல்லுக்குப் பின் ‘மீ’ வர வேண்டும். ‘யூ அண்ட்’ என்பதை நீக்கிவிட்டு, எஞ்சிய இடத்தில் ‘ஐ’ பொருந்துமா ‘மீ’ பொருந்துமா என்று சொல்லிப் பார்ப்பதே இதற்கு எளிய சோதனை.

பூந்தமல்லியில் பிரதிப்பெயருக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே உள்ளன. ஆங்கிலப் பிரெயிலின் சுருக்கெழுத்து முறையில் அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒரே கட்டம் போதும். தனித்து நிற்கும் ‘ஒய்’ என்றால் ‘யூ’, ‘எக்ஸ்’ என்றால் ‘இட்’, ‘யு’ என்றால் ‘அஸ்’. ‘எச்’, ‘எம்’ இரண்டும் சேர்ந்தால் ‘ஹிம்’. அதோடு ஓர் ‘எஃப்’ சேர்ந்தால் ‘ஹிம்செல்ஃப்’. ‘எக்ஸ்’, ‘எஸ்’ சேர்ந்தால் உடைமை காட்டும் ‘இட்ஸ்’. பார்வை உள்ள மாணவன் கண்ணால் தாண்டிப் போகும் வேறுபாடு இங்கே விரலில் தட்டுப்படுகிறது. ‘இட்ஸ்’ என்ற உடைமைப் பெயருக்கும் ‘இட் இஸ்’ என்பதன் சுருக்கத்துக்கும் நடுவே உள்ள ஓர் அபாஸ்ட்ரஃபி குறி எழுத்தில் சிறு கீறல். பிரெயிலில் அது ஒரு முழுக் கட்டம்.

பிரதிப்பெயர் இலக்கணத்தோடு நிற்பதில்லை, சட்டத்துக்கும் போகிறது. பால் தெரியாத ஒருவரைக் குறிக்க ‘ஹி’ போதும் என்று பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணிகள் சொன்னதைச் சட்டமும் எடுத்துக்கொண்டது. இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டம், 13-ஆம் பிரிவில், ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று கூறுகிறது. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே, பதினான்காம் நூற்றாண்டிலிருந்து, ஆங்கிலப் பேச்சு ‘தே’ என்பதை ஒருமைக்கும் பயன்படுத்தி வந்திருக்கிறது. ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவரும் அதையே ஏற்றுக்கொண்ட இந்தக் காலத்தில், மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019-ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. ஒருமைக்குப் பன்மை வரலாமா என்று ஆங்கில உலகம் சண்டையிட்ட இடத்தில் தமிழருக்கு வியப்பு இல்லை. ‘அவர்’ பல நூற்றாண்டுகளாக ஒருமைக்கும் பன்மைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கிறது. 2008-இல் திருநங்கைகள் நல வாரியத்தை அமைத்த தமிழ்நாட்டில், அவர்களை மரியாதையோடு குறிக்கப் புதிய பிரதிப்பெயர் தேட வேண்டிய தேவை எழவில்லை.

கற்பித்தல் முறைகள் இடையில் மேலும் மாறின. 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என்.எஸ்.பிரபு பெங்களூரிலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் நடத்திய திட்டம், இலக்கணத்தைத் தனியே சொல்லாமல், பிள்ளைகள் ஒரு கணக்கையோ வரைபடத்தையோ தீர்க்கும் போக்கில் மொழியைக் கற்க வைத்தது. 2010-இல் சமச்சீர் கல்வியும், 2012–13-இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளும் வந்தன. ஆங்கிலேயரின் பார்சிங், 1959-இன் வாய்மொழிப் பயிற்சி, பிரபுவின் செயல்வழி மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆனாலும் பிள்ளை வகுப்புக்குள் கொண்டுவரும் தமிழ் இலக்கண அறிவைக் கற்பித்தலின் அடித்தளமாக இவற்றில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. நான், என்னை, எனக்கு என்று மூன்று வயதில் பிழையின்றிப் பேசத் தொடங்கும் பிள்ளைக்கு வேற்றுமை என்பது புதிய செய்தி அல்ல. அதற்குச் சொல்ல வேண்டியவை இவைதான்: ‘என்னை’, ‘எனக்கு’ இரண்டுக்கும் ‘மீ’. பசிக்கும் அறிவுக்கும் ‘ஐ’. ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ‘வி’. வினையில் ஒளிந்திருக்கும் எழுவாயை வெளியே எடுத்து முன்னால் வைக்க வேண்டும். ஒரு பக்க அளவுகூட வராத இந்த ஒப்பீட்டை ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே தமிழில் அச்சிட வேண்டும்.